கட்டைவிரல்

தாழங்குடா பள்ளி, இரண்டாம் வகுப்பு.
தன்ஷிகா வாசித்தாள்: "போட்டு."
புத்தகத்தில் இருந்தது தோணி.
நான் கைதட்டினேன்.
பொருள் பிடிபட்டதே, எழுத்து தானாக வரும்
என்று பதினாறு வருடமாக நம்பியவள்.

நம்பியதோடு நின்றிருக்கலாம்.
வட்டார வள மையத்தில் மைக் பிடித்தேன்:
எழுத்து அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.
படத்தைப் பார்க்கட்டும், யூகிக்கட்டும்.
யூகம் என்ற சொல்லுக்குக் கீழே
சாக்பீஸ் ஒடிய இரண்டு கோடு போட்டேன்.

பின்வரிசையில் பாவாடைராயன் சார் கேட்டார்:
"படம் இல்லாத பக்கத்துல
என்னம்மா பண்ணும் அந்தப் புள்ள?"
சிரித்துவிட்டோம்.
அவர் வகுப்புப் பிள்ளைகள் க ங ச முழுக்க ஒப்பிக்கும்,
கடல் என்று எழுதிக்காட்டினால் விழிக்கும்.
மேசையில் எப்போதும் மரஸ்கேல்.
அந்த ஸ்கேலோடு சேர்த்து
அவர் கேள்வியையும் ஒதுக்கிவைத்தேன்.

கரண்ட் போன ஒரு மதியம்,
வாசல் வெளிச்சத்துக்காகப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
படத்தின்மேல் என் கட்டைவிரல்.
வேண்டுமென்று வைத்ததில்லை.
"வாசி."
தன்ஷிகா என் விரலைப் பார்த்தாள்.
பிறகு என் முகத்தை,
அதில் ஏதாவது படம் இருக்குமா என்று.
பிறகு மெதுவாக, மரியாதையாக,
என் விரலை நகர்த்தப் பார்த்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள்
இருபத்தாறு பேருக்கும் விரலை வைத்துப் பார்த்தேன்.
பத்தொன்பது பேர் பேசவில்லை.
ஒருவன் மட்டும் தைரியமாக "மீன்" என்றான்.
எங்கள் ஊரில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த வாரமே கடலூர் பஸ் ஸ்டாண்டில் புகழரசன்.
என் முதல் செட்.
ஐஸ் கம்பெனியில் வேலை, தோளில் தூங்கும் குழந்தை.
"பண்ருட்டி வண்டி எது டீச்சர்?
பெயிண்ட்ட மாத்திட்டானுவோ, ஒண்ணும் பிடிபடல."
எதிரிலேயே நின்றது,
நெற்றி நிறைய பண்ருட்டி என்று எழுதிக்கொண்டு.
கைகாட்டினேன். நன்றி சொல்லி ஏறினான்.
அவன் அப்பா கைநாட்டு.
அவனுக்குக் கையெழுத்து வரும்.
கோலம் போடுவதுபோல், புள்ளி பிசகாமல்,
நான்தான் போடப் பழக்கினேன்.

இப்போது தோணியை உடைக்கிறோம்.
இரட்டைக்கொம்பு, த, கால்.
"கொம்புதான முன்னாடி நிக்குது,
அப்புறம் ஏன் டீச்சர் த முதல்ல கேக்குது?"
என்கிறான் ரித்தீஷ்.
அப்படித்தான்டா, என்கிறேன்.
முன்னால் வந்து நின்றது
பின்னால்தான் காதில் விழும், சில இடத்தில்.
சாரிடம் போய்ச் சொல்லலாம் என்றால்
ஓய்வுபெற்று மகளோடு ஓசூர் போய்விட்டார்.

மறுபடி மைக் கேட்டேன்.
"போன தடவ கழட்டச் சொன்னீங்க,
திரும்ப மாட்டணுமா?" என்றார் நசீமா.
தெரியவில்லை என்றேன்.
ஸ்கேலை எடுக்கச் சொல்லவில்லை.
படத்தைக் கிழிக்கவும் சொல்லவில்லை,
வாசித்த பிறகு காட்டுங்கள்.
நான் சொன்னது தப்பு.
இதை மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னேன்,
முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும்.
எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்,
போன தடவை குறித்துக்கொண்டதைப் போலவே.
எஸ்தர் சுகந்தி மட்டும் பேனாவை மூடினாள்.
அவள் மகன் என்னிடம் படித்தவன்.

நேற்று பள்ளி வாசலில் டவுன் பஸ்.
பலகையில் திருப்பாதிரிப்புலியூர்.
பதினோரு எழுத்து.
ஊரே நடுவில் விழுங்கிவிட்டுத்தான் சொல்லும்.
தன்ஷிகா விழுங்கவில்லை.
தி. ரு. ப். பா.
கண்டக்டர் விசில் அடித்தார்.
தி. ரி. ப். வண்டி நகர,
இவளும் கூடவே பக்கவாட்டில் நடந்து,
ஓடி,
மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"முழுசா முடிக்கல டீச்சர்.
ஆனா அதுக்குள்ள
ஒரு புலி இருக்கு."